கோ-ஆப் பிரீஸ்கூல்: பிள்ளையைச் சேர்த்தால் நாமும் வேலைக்குப் போக வேண்டுமா?

பாத்தெல்வாசி:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் சியாட்டல் பக்கம் பாத்தெலில் இருக்கிறோம். மகளுக்கு வரும் ஜூனில் மூன்று வயது முடிகிறது. முழுநாள் டேகேர் விசாரித்த மூன்று இடத்திலும் மாதம் 2,000 டாலருக்குக் கீழே பேச்சே இல்லை. மனைவி எச்4-ல், அதாவது என் வேலை விசாவைச் சார்ந்த விசாவில், வீட்டில்தான் இருக்கிறார், அதனால் முழுநாள் தேவையும் இல்லை. பக்கத்து வீட்டு அம்மா "கோ-ஆப் பிரீஸ்கூல் பாருங்களேன்" என்றார். பெற்றோரே நடத்துவதாம். கூட்டுறவு என்றதும் எனக்கு எங்கள் ஊர் பால் சொசைட்டிதான் ஞாபகத்துக்கு வந்தது.

போன வாரம் ஓப்பன் ஹவுஸ் போய்ப் பார்த்தோம். ஒரு சர்ச்சின் கீழ்த்தளம். தாடி வைத்த ஒருவர் தரையில் உட்கார்ந்து ஒரு பையனுக்கு மூக்குத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தார். அப்பாவா என்று கேட்டால், அப்பாதான், ஆனால் வேறு பிள்ளைக்கு அப்பா. வாரம் ஒரு நாள் வகுப்பில் நம் வேலை, மாதம் ஒரு நாள் மாலையில் கூட்டம், அது போக ஆளுக்கொரு பொறுப்பு என்றார்கள். கையில் கொடுத்த தாளில் கல்லூரிப் பதிவு என்று வேறு போட்டிருக்கிறது. பிள்ளையைச் சேர்க்கப் போனால் மனைவியைக் கல்லூரியில் சேர்க்கச் சொல்கிறார்களே! உண்மையில் அங்கே ஏதாவது சொல்லித் தருகிறார்களா, இல்லை ஆயா வேலையும் நாமே பார்த்து, காசும் நாமே கட்டுவதா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

சன்னிவேல்சாமி:

கலிபோர்னியாவில் எங்கள் பையன் இரண்டு வருடம் போனான். பணம் மிச்சம் என்பதற்காக மட்டும் போகாதீர்கள். மிச்சமாகிற பணத்துக்கு நேரத்தில் வட்டியோடு வாங்கிவிடுவார்கள்.

இன்னொன்று, பேப்பர் வேலையை இப்போதே தொடங்குங்கள். இங்கே 2016-லிருந்து டேகேர், பிரீஸ்கூல்களில் வேலை செய்கிற எல்லோருக்கும், சும்மா உதவிக்கு வருகிறவர்களுக்கும் சேர்த்து, தட்டம்மைக்கும் கக்குவானுக்கும் தடுப்பூசிச் சான்று வேண்டும். என் மனைவிக்குச் சிறுவயதில் போட்ட ஊசிக்கு ஊரில் ஏது சீட்டு? கடைசியில் ரத்தம் எடுத்து டைட்டர், அதாவது உடம்பில் நோய் எதிர்ப்பு இருக்கிறதா என்கிற சோதனை, பார்த்துத்தான் கொடுத்தோம். உங்கள் மாநிலத்து விதி வேறாக இருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள்.

ஈரக்குடை:

தம்பி, நான் கிர்க்லாண்டில் இரண்டு பிள்ளைகளை வைத்து ஐந்து வருடம் இதில் குப்பை கொட்டியவள். ஒரு வருடம் பொருளாளராகவும் இருந்தேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், டீ போட்டுக்கொண்டு வந்து படியுங்கள்.

முதலில் கல்லூரி விஷயம். வாஷிங்டன் மாநிலத்தில் இந்த கோ-ஆப்கள் பெரும்பாலும் ஏதாவது ஒரு சமூகக் கல்லூரியோடு சேர்ந்துதான் நடக்கின்றன. நார்த் சியாட்டல், ஷோர்லைன், பெல்வியூ, எட்மண்ட்ஸ், எங்கள் பக்கத்தில் லேக் வாஷிங்டன் என்று நிறைய உண்டு. கல்லூரிக் கணக்கில் மாணவர் உங்கள் பிள்ளை இல்லை, நீங்கள். பெற்றோர் கல்வி என்கிற பாடத்தில் பெயர் பதிவார்கள், அதற்குச் சலுகைக் கட்டணம், கிரெடிட் உண்டு, பரீட்சை கிடையாது. பிள்ளைகளின் வகுப்பறைதான் உங்களுக்கு லேப். கல்லூரி ஒரு பேரன்ட் எஜுகேட்டரை அனுப்பும். அவர் அவ்வப்போது வகுப்புக்கு வந்து ஓரமாக உட்கார்ந்து பார்ப்பார், மாதக் கூட்டத்தில் தூக்கம், அடம், கடிக்கிற பழக்கம், அக்கா தம்பி சண்டை என்று ஏதாவது ஒன்றை எடுத்துப் பேசுவார். பிள்ளையைப் பற்றி எதுவானாலும் அவரைத் தனியாகவும் கேட்கலாம். என் மூத்தவனுக்குப் பேச்சு தாமதமாக வந்தபோது, "எதற்கும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள்" என்று முதலில் சொன்னது டாக்டர் இல்லை, அவர்தான்.

ஆசிரியை வேறு ஆள். அவர் முழுக்க நம் ஆள்: பெற்றோரின் நிர்வாகக் குழுதான் இன்டர்வியூ வைத்து எடுக்கிறது, நாம் கட்டும் ஃபீஸில்தான் அவர் சம்பளம். இடவாடகை, இன்சூரன்ஸ், பெயின்ட், பேப்பர் டவல் எல்லாம் அதிலிருந்துதான். உங்கள் பால் சொசைட்டி சரியான ஒப்புமைதான். பால் ஊற்றுகிறவர்தான் உறுப்பினர், உறுப்பினர்தான் முதலாளி, எவனாவது தண்ணீர் கலந்தால் எல்லோருக்கும் அடி.

எங்கள் வகுப்பில் 18 பிள்ளைகள். காலை 9:15-லிருந்து 11:45 வரை, வாரம் மூன்று நாள். ஒவ்வொரு நாளும் ஆசிரியையோடு ஐந்தாறு பெற்றோர் டியூட்டியில் இருப்பார்கள், ஆக மூன்று பிள்ளைக்கு ஒரு பெரியவர் கணக்கு வந்துவிடும். உங்களுக்கு டியூட்டி என்றால் எட்டே முக்காலுக்கே போய் மேஜை போட்டு, பெயின்ட் கலக்கி, வெளியே சைக்கிள்களை எடுத்து வைக்க வேண்டும். அப்புறம் பலகையில் உங்கள் பெயருக்கு நேரே ஒரு இடம் எழுதியிருக்கும்: கட்டைகள், கலை மேஜை, வேஷம் போடும் மூலை, ஸ்நாக், வெளிமுற்றம். அன்றைக்கு அந்த இடம் உங்கள் ராஜ்ஜியம். உங்கள் பிள்ளை எங்கே சுற்றினாலும் அவள் பின்னால் ஓடக்கூடாது, அவளை வேறொருவர் பார்த்துக்கொள்வார்.

சொல்லித் தருகிறார்களா என்று கேட்டீர்கள். ஏ பி சி டி எழுத வைக்க மாட்டார்கள். கலை மேஜையில் நாம் ஒரு மீன் வரைந்து காட்டி "இது மாதிரி செய்" என்று சொல்லவும் கூடாது. முதல் வாரமே நான் அழகாக ஒரு மயில் வெட்டி வைத்தேன், ஆசிரியை சிரித்துக்கொண்டே அதை எடுத்து என் பையில் வைத்தார். சண்டை வந்தால் உடனே பிடுங்கிப் பாதிப் பாதி கொடுக்கக் கூடாது. பக்கத்தில் குனிந்து உட்கார்ந்து, "இரண்டு பேருக்கும் இந்த மண்வெட்டி வேண்டும் போல, என்ன செய்யலாம்?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். இந்த வாயை மூடிக்கொள்வது இருக்கிறதே, எனக்கு முழுதாக ஒரு வருடம் ஆயிற்று. அப்புறம் மழை. மழையில் வெளியே விடுவார்கள், சேற்றில் சொப்பு வைத்துக் கூட்டாஞ்சோறு ஆக்கும். நான் துண்டோடு பின்னாலேயே ஓடுவேன், ஒரு பிள்ளையும் திரும்பிப் பார்க்காது.

இனி அரிசிக் கதை. பெற்றோர் நடத்துவது என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான். வகுப்பில் இடுப்புயரத் தொட்டி மேஜை ஒன்று உண்டு, பிள்ளைகள் கையை விட்டு அளைவதற்கு. ஒரு மாதம் அதில் சாயம் ஏற்றிய அரிசியைக் கொட்டியிருந்தார்கள். அள்ளுகிறார்கள், இறைக்கிறார்கள், ஷூக்காலோடு மிதிக்கிறார்கள். எனக்கு உடம்பே கூசியது. அரிசி காலில் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளச் சொல்லி வளர்த்த பாட்டி எனக்கு. நீல அரிசியைக் கூட்டி அள்ளிக் குப்பையில் போட்டுவிட்டு, யாரும் பார்க்காதபோது விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். வீட்டுக்காரரிடம் புலம்பினேன். "உன் ஸ்கூல்தானே, போய்ச் சொல்லு" என்றார்.

மாதக் கூட்டத்தில் கையைத் தூக்கினேன். தொண்டை நடுங்கியது. அரை மணி நேரம் பேச்சு ஓடியது. அரிசி மலிவு, எத்தனையோ வருடமாக இருக்கிறது, விரலுக்கு நல்ல பயிற்சி என்று சிலர். ஒரு அம்மா, அதுவரை என்னோடு அதிகம் பேசாதவர், தன் சிறுவயதில் வீட்டுச் சாப்பாடே ஏழைகளுக்கு இலவசமாக உணவு கொடுக்கும் ஃபுட் பேங்கிலிருந்துதான் வந்தது, தனக்கும் இது பிடிக்கவில்லை, சொல்லத்தான் தயங்கினேன் என்றார். வாக்கெடுத்து, இனி தொட்டியில் மனிதர் தின்கிற பொருள் இல்லை என்று முடிவாயிற்று. அதற்குப் பிறகு மணல், தண்ணீர், பைன் காய்கள், பறவைத் தீனி. உடனே ஒரு அப்பா, "அப்படியானால் ப்ளேடோ? அதுவும் மாவுதானே?" என்று கேட்டார். பிள்ளைகள் பிசைந்து உருட்டி விளையாடும் கலர் மாவுதான் ப்ளேடோ. எனக்குப் பதில் வரவில்லை. மைதாவை நாங்கள் சாப்பாட்டுக் கணக்கில் வைப்பதில்லை என்றேன். சிரித்துவிட்டு அந்த வருடம் முழுவதும் ப்ளேடோ செய்யும் பொறுப்பை என் தலையிலேயே கட்டிவிட்டார்கள்.

ப்ளேடோ நம் வீட்டுப் பெண்களுக்குக் கைவந்த கலை, தெரியுமா? இரண்டு கப் மைதா, ஒரு கப் உப்பு, நாலு டீஸ்பூன் க்ரீம் ஆஃப் டார்டார், இரண்டு மேஜைக்கரண்டி எண்ணெய், இரண்டு கப் தண்ணீரில் கலர். அடுப்பை சிம்மில் வைத்துக் கிளற வேண்டும். முதலில் கட்டி கட்டியாகப் பயமுறுத்தும், விடாமல் கிளறினால் பாத்திரத்தில் ஒட்டாமல் சுருண்டு வரும், இறக்கி சூட்டோடு பிசைய வேண்டும். அப்படியே கொழுக்கட்டை மாவுப் பதம். மற்ற அம்மாக்கள் செய்தது இரண்டே வாரத்தில் பொலபொலவென்று உதிரும், என்னுடையது ஒரு மாதம் தாங்கும்.

எல்லாம் இனிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். என் முதல் ஸ்நாக் நாளில் முப்பது குட்டி இட்லி கொண்டு போனேன். வேர்க்கடலை கூடாது என்று தெரியும், சட்னியே வேண்டாமென்று விட்டுவிட்டேன். கை கழுவும்போது டியூட்டியில் இருந்த ஒருவர், "இதில் என்ன எண்ணெய்?" என்று சாதாரணமாகக் கேட்டார். தட்டில் தடவியது நல்லெண்ணெய். வகுப்பில் ஒரு பிள்ளைக்கு எள் ஆகாது, ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிய தாளில் எழுதியே இருந்தது, என் கண்ணில்தான் படவில்லை. அப்போது எள் இந்த நாட்டு ஒவ்வாமைப் பட்டியலில்கூட இல்லை, 2023-லிருந்துதான் ஒன்பதாவதாகப் பாக்கெட்டில் எழுதச் சொல்கிறார்கள். பிள்ளைகளுக்கு வாழைப்பழமும் பிஸ்கட்டும் போயின. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. வீட்டில் மூன்று நாள் இட்லி உப்புமா.

பொருளாளராக இருந்த வருடம் தூக்கம் போயிற்று. 18 பிள்ளைகளை நம்பி பட்ஜெட் போட்டோம், செப்டம்பரில் வந்தது 13. வாடகை குறையுமா? ஆசிரியை சம்பளம் குறையுமா? நடுவருடத்தில் ஃபீஸை ஏற்ற வேண்டி வந்தது, இரண்டு குடும்பம் கோபித்துக்கொண்டு விலகியது. வசந்தகாலத்தில் நிதி திரட்ட ஒரு ஏலம் நடத்தி ஒருவழியாகச் சமாளித்தோம். ஆகவே சேர்வதற்கு முன்னால் கூச்சப்படாமல் கேளுங்கள்: இப்போது எத்தனை இடம் நிரம்பியிருக்கிறது, கையிருப்பு எத்தனை மாதத்துக்கு வரும், விலகினால் பணம் எவ்வளவு திரும்பும், டியூட்டியைத் தவறவிட்டால் அபராதம் உண்டா? இந்த மாநிலத்தில் நாலு மணி நேரத்துக்கு மேல் போகாத பிரீஸ்கூலுக்கு டேகேர் லைசன்ஸ் கட்டாயமில்லை. அதனால் பெற்றோருக்கு பின்னணிச் சோதனை (குற்றப் பதிவு ஏதாவது உண்டா என்று பார்ப்பது) செய்கிறார்களா என்பதையும் கேட்டுவிடுங்கள். எங்கள் இடத்தில் செய்தார்கள்.

பாத்தெல்வாசி:

அக்கா, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு மிக்க நன்றி. மனைவிக்கும் படித்துக் காட்டினேன், இட்லி உப்புமாவுக்கு விழுந்து விழுந்து சிரித்தார். அவருக்கு இரண்டு தயக்கம். ஒன்று, ஆங்கிலம். படித்தால் புரியும், பேசத்தான் வாய் வரவில்லை என்கிறார். இன்னொன்று எச்4-ல் இப்படி வேலை செய்யலாமா என்பது. என் கேள்வியும் ஒன்று உண்டு: டியூட்டிக்கு நான் போகலாமா?

ரெட்மண்ட்_ராக்கோழி:

கடைசிக் கேள்விக்கு நான். தாராளமாகப் போகலாம். எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கும் வேலை. ஒரு வாரம் அவள், ஒரு வாரம் நான் என்று வெள்ளிக்கிழமையைப் பங்கு போட்டுக்கொண்டோம். மேனேஜரிடம் முதலிலேயே சொல்லி வெள்ளி காலை காலண்டரை அடைத்துவிட்டேன், அதை இரவு உட்கார்ந்து ஈடுகட்டுவேன். மேனேஜர் நல்ல மனுஷன், எல்லோருக்கும் அப்படி வாய்க்காது. இரண்டு பேரும் வேலைக்குப் போனால் மீதி நேரத்துக்கு ஆள் வைத்தாக வேண்டும், அப்போது கணக்கு டேகேருக்கே சாதகமாகத் திரும்பிவிடும். நாங்கள் ஒரு வருடத்தோடு நிறுத்திக்கொண்டோம்.

ஆனால் ஒன்று. நம் டியூட்டி நாளில்தான் நம் பிள்ளை அதிகமாக ஆடும். மற்ற நாளில் தங்கமாக இருப்பவன் என்னைப் பார்த்ததும் காலைக் கட்டிக்கொண்டு அழுவான், நான் இன்னொரு பிள்ளைக்குப் புத்தகம் வாசித்தால் வந்து மூடுவான். எல்லா வீட்டிலும் இதே கதைதானாம், ஆசிரியை சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

ஈரக்குடை:

ஆங்கிலத்துக்குப் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். மூன்று வயதுக்காரர்களோடு பேசத் தேவையான ஆங்கிலம் எவ்வளவு? எங்கள் வகுப்பில் ஒவ்வொரு இடத்துக்கும் சுவரில் பெரியவர்கள் கண்ணுயரத்தில் ஒரு அட்டை இருக்கும். இங்கே பிள்ளைகள் என்ன செய்வார்கள், நீங்கள் என்ன சொல்லலாம் என்று நாலு வரி. நான் அதைப் பார்த்து வாசித்தே ஒரு வருடம் ஓட்டினேன். என் பிள்ளையிடம் தமிழில்தான் பேசுவேன், யாரும் தப்பாக நினைத்ததில்லை, உக்ரைன்கார அம்மா ஒருவர் அவர் பாஷையில் பேசுவார். முற்றத்தில் மூன்றுசக்கர சைக்கிள் மேட்டில் நிற்கும்போதெல்லாம் "தள்ளு, தள்ளு" என்று நான் கத்துவேன். இரண்டே மாதத்தில் மொத்த வகுப்பும் "தள்ளு, தள்ளு" என்று கத்தியது. அது ஆங்கில வார்த்தை இல்லை என்று அந்தப் பிள்ளைகளில் பாதிக்கு இன்னும் தெரியாது என்று நினைக்கிறேன்.

எச்4-ல் படிக்கத் தடையில்லை, கல்லூரிப் பதிவு அந்த வகைதான். வகுப்பில் செய்வதற்குச் சம்பளமும் கிடையாது. ஆனாலும் நான் வக்கீல் இல்லை, உங்கள் ஆபீஸ் இமிகிரேஷன் வக்கீலுக்கு ஒரு மெயில் போட்டு எழுத்தில் பதில் வாங்கி வையுங்கள்.

வகுப்பு பிரிப்பது இங்கே பெரும்பாலும் ஆகஸ்ட் 31 கணக்கில்தான், கிண்டர்கார்டனுக்குப் போலவே. ஜூன் குழந்தைக்குச் சிக்கல் இல்லை, செப்டம்பரில் மூன்று வயது வகுப்பு.

ஹாமில்டன்காரன்:

நியூசிலாந்திலிருந்து ஒரு குரல். இங்கே இதற்கு ப்ளேசென்டர் என்று பெயர். 1941-ல் போர்க்காலத்தில் வெலிங்டனில் தொடங்கியது, ஆண்கள் போருக்குப் போயிருந்த வீடுகளில் அம்மாக்கள் மாறி மாறிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார்களாம். ஈரக்குடை அக்கா சொல்வதிலிருந்து ஒரு பெரிய வித்தியாசம்: எங்கள் சென்டரில் தனியாக ஆசிரியை என்று ஒருவர் இல்லை. பெற்றோரே ப்ளேசென்டரின் படிப்பைக் கட்டணமில்லாமல் படித்து, தகுதி பெற்று நடத்துகிறோம். அரசு மானியம் வருவதால் எங்கள் செலவு மிகக் குறைவு. பிறந்த குழந்தையிலிருந்து பள்ளிக்குப் போகும் வயது வரை எல்லோரும் ஒரே அறையில்.

என் மனைவி ஊரில் பி.காம். படித்தவர், இங்கே வந்து மூன்று வருடம் வீட்டிலேயே இருந்தார். ப்ளேசென்டர் படிப்பை முடித்த தைரியத்தில் இப்போது ஒரு கிண்டர்கார்டனில் வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறார். நான் சொன்னேன் என்று உங்கள் வீட்டில் சொல்லுங்கள்.

சன்னிவேல்சாமி:

அந்தக் கால அமெரிக்காவிலும் கதை அதேதான். 1916-ல் சிகாகோ பல்கலைக்கழகப் பேராசிரியர்களின் மனைவிமார் பன்னிரண்டு பேர் சேர்ந்து தொடங்கியதைத்தான் இங்கே முதல் கோ-ஆப் என்கிறார்கள். ஆளுக்கு ஒரு முறை பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டால் மற்றவர்கள் செஞ்சிலுவை வேலைக்குப் போகலாம் என்பதும் ஒரு காரணம். அப்போதும் அப்பாக்கள் எங்கே இருந்தார்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ராக்கோழிக்கு ஒரு சலாம்.

பாத்தெல்வாசி:

எல்லோருக்கும் நன்றி. வக்கீலுக்கு மெயில் போட்டாயிற்று. வரும் செவ்வாய்க்கிழமை மகளோடு வகுப்பில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்க வரச் சொல்லியிருக்கிறார்கள், மூவருமே போகிறோம். அக்கா சொன்ன கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டேன். மனைவி ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: ப்ளேடோ பொறுப்பு காலியாக இருக்குமா?

ஈரக்குடை:

அது எங்கே போனாலும் காலியாகத்தான் இருக்கும், யாருக்கும் கிளறப் பொறுமை கிடையாது! நான்-ஸ்டிக் பாத்திரம் வேண்டாம், அடி கனமான பழைய பாத்திரம் ஒன்றை ஒதுக்கச் சொல்லுங்கள். உப்பு அரித்து அது அப்புறம் சமையலுக்கு ஆகாது. செவ்வாய்க்கிழமை மழை என்று போட்டிருக்கிறான். மகளுக்கு பூட்ஸ் போட்டு, காரில் இரண்டு ஜோடி சாக்ஸ் அதிகமாக வையுங்கள். உங்களுக்கும் ஒரு ஜோடி.